மற்றவை

தார்த்துவில் டிசம்பர். மூன்றரைக்கே இருட்டி
ஜன்னலில் என் முகம்தான் துணை.
எடிட்டரின் அமைப்புக் கோப்பைத் திறந்தேன்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு வரிகள்,
பதினேழு வருஷம்.
வாரக்கணக்கில் வீடு கூட்டாதவள்
இதைக் கூட்ட உட்கார்ந்தேன்.

முதலில் பிரித்தேன்.
நிறங்களுக்கு ஒரு கோப்பு, விசைகளுக்கு ஒன்று,
நிரல்மொழிகளுக்கு ஆளுக்கொரு அறை.
எங்கும் ஒட்டாததை எல்லாம்
'மற்றவை' என்று ஒன்றில் போட்டேன்.
தேநீர் ஆறுவதற்குள்
மற்றவை, மற்றவற்றைவிடப் பெருத்துவிட்டது.

ராவ்னோவிடம் கடன் வாங்கிய நாற்பது வரி.
அவன் வேலையை உதறி
நார்வேயில் மீன்பண்ணைக்குப் போய் ஆறு வருஷம்;
அவனுடைய அடைப்புக்குறிகள் இன்னும்
என் திரையில் ஏழு நிறம் காட்டுகின்றன.
இருக்கட்டும்.
செத்துப்போன பிரிண்டருக்கு நான்கு வரி. போகட்டும்.
வரிக்கடை வெற்றிடத்தைத் துடைக்கும் கட்டளை
இரண்டு இடத்தில்,
துடைத்ததையே துடைத்துக்கொண்டு.

ஏன் இப்படிச் செய்தேன் என்று என்னையே கேட்க
பழைய மாற்றக் குறிப்புகளைப் புரட்டினேன்.
"திருத்தம்." "திருத்தம்." "மறுபடி திருத்தம்."
"இப்போது சரி."
அடுத்த நாள்: "சரியில்லை."
சாட்சி சொல்ல வந்தவள் இல்லை இவள்,
வாய்தா வாங்க வந்தவள்.

பத்து மணிக்கு எல்லாம் பளிச்சென்று இருந்தது.
சோதித்துப் பார்க்க ஒரு கடிதம் தொடங்கினேன்.
வேறு யாரும் தோன்றவில்லை, ஏவிக்கு.
அப்பாவின் படகை விற்றதிலிருந்து
நாங்கள் பேசுவதில்லை.

எங்கள் மொழியில் அக்கா என்ற சொல்
தலையில் நெளிகோடு சுமந்த ஓவில் தொடங்கும்.
அந்த விசையைத் தொட்டேன்.
கர்சர் துள்ளி, பக்கத்தின் உச்சிக்கு ஓடியது.
மறுபடி தொட்டேன். மறுபடி ஓட்டம்.

பிழை பிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்:
பாதியை அணை, பாதியை எரியவிடு.
இன்னும் ஓடுகிறதா? கள்ளன் எரியும் பாதியில்.
அதில் பாதி. அதிலும் பாதி.
இரண்டாயிரம் வரிக்குப் பதினொரு கேள்வி போதும்.
ஒவ்வொரு கேள்விக்கும் எடிட்டர் செத்துப் பிறந்தது.
ஒவ்வொரு பிறப்பிலும் அக்காவின் முதலெழுத்தை
அடித்துப் பார்த்தேன்.

பதினொன்றாவதில், மற்றவைக்குள், ஒற்றை வரி.
பக்கத்தில் நானே எழுதியது: "தொடாதே."

ஒன்பது வருஷத்துக்கு முன்
எமயோகி ஆற்றங்கரையில் பனிக்கட்டியில் வழுக்கி
இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன்.
ஆறு வாரம் ஒற்றைக் கை.
வலச் சுண்டுவிரலுக்கு எட்டுகிற தூரத்தில்
அந்த எழுத்து சும்மா இருந்தது,
நிரலில் அதற்கு வேலையில்லை.
உச்சிக்குப் போகும் ஏணியாக்கிக்கொண்டேன்.
மாவுக்கட்டைப் பிரித்தார்கள்.
ஏணியை நான் எடுக்கவில்லை.

கடைக்கும் வங்கிக்கும் போன் இருந்தது.
உட்கார்ந்து எழுதுகிற இந்த இடத்தில்
ஒன்பது வருஷம் அந்த எழுத்து வேண்டியிருக்கவில்லை,
ஒரு நாள்கூட.
பிழையைவிட அது உறைத்தது.

ஏவி இருக்கும் சாரெமா தீவில்
இந்த ஒலியைச் சொல்லவே மாட்டார்கள்.
கீழ்வரிசை எழுத்தை வைத்துச் சமாளிப்பார்கள்,
தலைநகரத்தார் சிரிப்பார்கள்.
சின்னவளாக நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.
விசை ஓடினால் ஓடட்டும் என்று
தீவு எழுத்தில் எழுதியிருக்கலாம்.
அவளுக்கு அது பிழையாகவே பட்டிருக்காது.

வரியை நீக்கினேன். குறிப்பு என்ன என்று கேட்டது.
"திருத்தம்" என்று விரல் தானாக அடித்தது.
அழித்துவிட்டு எழுதினேன்:
"மணிக்கட்டு ஆறிவிட்டது."

மற்றவையில் இன்னும் முந்நூறு வரி.
நாளைக்கு.
கடிதம் ஒரு சொல்லில் நிற்கிறது.
கடைசியில் தீவு எழுத்தைத்தான் போட்டேன்.
அதன் பக்கத்தில் கர்சர்,
எங்கும் ஓடாமல்,
கண்ணைக் கொட்டிக்கொண்டு.